காதுகுத்துக்குப் போன இடத்தில் ஒரு பாட்டில்

1

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். குளுக்கோஸ் பாட்டில் என்பது மருந்து அல்ல, உபசாரம் என்று ஐம்பது வயது தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தவன் நான். விருந்தாளிக்கு மோர் கொடுப்பதுபோல, கலர் உடைத்துக் கொடுப்பதுபோல, நரம்பு வழியாகக் கொடுக்கும் ஒரு மரியாதை. அதில் போய் ஒருவர் குற்றம் கண்டுபிடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கள்ளக்குறிச்சியில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒருவன் "கையும் காலும் அசதியா கீது" என்று சொன்னால், எதிரில் இருப்பவன் "ஒரு பாட்டில் போட்டுக்கினு வந்துடேன்" என்பான். அவனும் கடையைச் சாத்திவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள ஏதாவது ஒரு கிளினிக்கில் போய்ப் படுப்பான். கொஞ்ச நேரம் கழித்து முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து மடக்கிக்கொண்டு, வேறு ஆளாகத் திரும்பி வருவான். வெறும் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புகிற டாக்டருக்குக் கைராசி இல்லை என்று பேர். பாட்டிலிலும் தராதரம் உண்டு. வெள்ளை, சாதாரண ஆளுக்கு. வைட்டமின் கலந்த மஞ்சள், சொந்தக்காரர்களுக்கு. என் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாமனார் என்னை அழைத்துப் போய் மஞ்சள் பாட்டில் போட்டுவிட்டார். மாப்பிள்ளை மேடையில் தெம்பாக உட்கார வேண்டுமாம். அந்தக் கல்யாணப் போட்டோக்களில் எனக்கு இருக்கும் களை இயற்கையானது அல்ல.

பிழைக்க வந்த இந்த நார்வே நாட்டு பெர்கன் ஊரில் காய்ச்சலோடு போனால், டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணீர் குடி, வீட்டுக்குப் போய்ப் படு" என்பார். முதல் வருஷம் இதை நான் நிறவெறி என்றே நினைத்தேன். பிறகு வெள்ளைக்காரனுக்கும் அதே தண்ணீர்தான் என்று தெரிந்து சமாதானமானேன்.

இன்று காலை டிப்போவில் முதல் நடைக்குக் காத்திருந்தேன். நான் இங்கே டவுன் பஸ் ஓட்டுகிறேன். மழை எப்போதும்போலப் பெய்துகொண்டிருந்தது. கைப்பேசி தானாகவே "போன வருடம் இதே நாள்" என்று ஒரு படத்தைக் காட்டியது. துருப்பிடித்த இரும்புக் கம்பியில் தொங்கும் மஞ்சள் பாட்டில். பின்னால் சுவரில் சாமி காலண்டர். படத்தின் மேல் என் மச்சான் கதிர்வேல் எழுதிய வாசகம்: "எங்கள் ஓட்டராணிக்கு மாமனின் அன்பளிப்பு." பக்கத்தில் புஜம் மடக்கிக் காட்டும் ஒரு கை பொம்மை.

அந்தப் படத்தால் என் மகளின் ஓட்டமே நின்றுபோக இருந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

2

மகள் யாழினிக்கு அப்போது பத்தொன்பது வயது. நெடுந்தூரம் ஓடுகிறவள். புல்தரை, சேறு, மேடு பள்ளம் என்று ஆடு மேய்கிற இடத்திலெல்லாம் ஓடும் பந்தயம் ஒன்று உண்டு. அதில் அவளுக்கு இந்த நாட்டில் கொஞ்சம் பேர். பயிற்சியாளர் இங்க்ரிட் அவளை "யாலினி" என்பார். ழகரம் வராது. எங்கள் ஊரிலும் பாதிப் பேருக்கு வராது என்பதால் நான் திருத்தவில்லை.

பேர் வந்தால் பின்னாலேயே சோதனைக்காரர்களும் வருவார்கள் என்பது எனக்குத் தெரியாது. இந்த ஊரில் நம்மவர்களுக்கு ஒரு பயம் உண்டு. பிள்ளையை அதட்டினால் குழந்தைநல அலுவலகம் வந்து அழைத்துக்கொண்டு போய்விடும் என்று. அவளுக்குப் பதினேழு வயதில் ஒரு நாள், சாப்பிட்ட தட்டைக் கழுவவில்லை என்று யாழினியைச் சத்தம் போட்டேன். மறுநாள் விடிந்ததும் பையும் அட்டையுமாக இரண்டு பெண்கள் வாசலில். "யாழினி இருக்கிறாளா?" என்றார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, அது சும்மா சத்தம்தான், கை ஓங்கவில்லை, தட்டைக்கூட கடைசியில் நானேதான் கழுவினேன் என்று எனக்குத் தெரிந்த நார்வேஜிய மொழி முழுவதையும் செலவழித்தேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சிறுநீர் வேண்டும் என்றார்கள்.

ஊக்கமருந்துத் தடுப்பு அலுவலகத்திலிருந்து வந்திருந்தார்கள். யாழினி அப்போதுதான் போய்விட்டு வந்திருந்தாள். ஆக மறுபடி வரும்வரை மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி செல்வி முறுக்கும் காப்பியும் கொடுத்தாள். தொடவில்லை. பிறகு ஒரு பெண் யாழினியோடு கழிவறைக்குள்ளேயே போனாள். ஒரு பெண் பிள்ளை ஒன்றுக்குப் போவதை அரசாங்கம் ஆள் அனுப்பிப் பார்க்கும் என்று ஊரில் சொன்னபோது, நான் கிண்டல் செய்கிறேன் என்றுதான் கதிர்வேல் உட்பட எல்லோரும் நினைத்தார்கள்.

அதன்பிறகு வீட்டுச் சட்டமே மாறியது. இருமல் மருந்து கிடையாது. கதிர்வேல் அனுப்பிய லேகியம் குப்பைக்குப் போனது. ஒவ்வொரு நாளும் எங்கே தூங்குவாள், எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்பாள் என்று முன்கூட்டியே கைப்பேசியில் எழுதிவைக்க வேண்டும். எழுதிய இடத்தில் ஆள் இல்லாவிட்டால் அதுவே ஒரு குறை. எனக்குத் தெரியாத அவள் நடமாட்டமெல்லாம் அந்த அலுவலகத்துக்குத் தெரிந்திருந்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

3

போன வருஷம் கதிர்வேல் தன் மகனுக்குக் காதுகுத்து வைத்தான். செல்விக்கு அவன் ஒரே தம்பி. பம்பு செட்டு, மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் மகளும் கிளம்பினார்கள்.

திரும்பி வந்ததும் யாழினிக்குத் தேர்வு ஓட்டம் இருந்தது. அதில் முதல் ஆறு பேருக்குள் வந்தால் நாட்டு அணியில் சேர்ந்து வெளிநாட்டுக்கு ஓடப் போகலாம். பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்று இங்க்ரிட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "உங்கள் ஊரில் மலை இருக்கிறதா?" என்று என்னைக் கேட்டார். கல்வராயன் மலையை நான் ஆல்ப்ஸ் மலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஆக விழாவுக்கு முன்னும் பின்னும் யாழினி அந்த மலைமேல் உள்ள வெள்ளிமலை ஊரில், கதிர்வேலுக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கினாள். அலுவலகத்துக்கு முகவரி கொடுக்க வேண்டுமே. தெருப் பேர் இல்லை. கதவு எண்ணை யாரும் பார்த்ததில்லை. கடைசியில், "வெள்ளிமலை, ஜீப் நிற்கும் இடத்துக்குப் பின்புறம், நீலத் தண்ணீர்த் தொட்டி உள்ள வீடு, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்" என்று எழுதினாள். அவர்கள் நிஜமாகவே வந்துவிட்டால் சாப்பிடாமல் அனுப்பமாட்டேன் என்று கதிர்வேல் சொன்னான்.

காலையில் மலைப்பாதையில் அவள் ஓடினால் ஒரு வண்டி விடாமல் நின்றதாம். "இன்னாம்மா, பஸ்ஸ வுட்டுட்டியா? ஏறு, ஏறு." இல்லை, சும்மா ஓடுகிறேன் என்றால் நம்பவில்லை. யார் மேலோ கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று ஒரு ஜீப்காரர் பின்னாலேயே ஊர்ந்து வந்து, வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லி புத்திமதி சொல்லியிருக்கிறார். வளைவுக்கு வளைவு கூட்டம் சேர்ந்ததில் அவள் நேரம் நன்றாகவே குறைந்தது. வெட்கத்தில் வேகம் கூடும் என்று இங்க்ரிட்டுக்கு அதுவரை தெரியாது.

காதுகுத்துக்குக் கீழே இறங்கி வந்தவள் பந்தியில் நன்றாகச் சாப்பிட்டாள். மத்தியானம் வெயில் தாங்காமல் மண்டபத்து அறையில் படுத்துவிட்டாள். அவ்வளவுதான். "பாப்பா வாடிப் பூட்சி" என்று சொந்தம் முழுக்கப் பேச்சு. மலையில் ஓடவிட்டுப் பிள்ளையைக் கெடுத்துவிட்டான் என்று பழி கதிர்வேல் மேல். எல்லோருக்கும் கேட்கும்படி அவன் சொன்னானாம், "நான் இட்டுக்கினு போய் ஒரு பாட்டில் போட்டு இட்டாரேன். யாரும் கவலப்படாதீங்க."

4

அன்றைக்கு டிப்போவில் டீ இடைவேளையில் அந்தப் படத்தைக் கதிர்வேலின் ஸ்டேட்டஸில் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மனசு நிறைந்தது. என் பிள்ளைக்கு மஞ்சள் பாட்டில். மச்சான் என்றால் இப்படி இருக்க வேண்டும். உடனே கதிர்வேலுக்குப் போன் போட்டேன்.

"முழு பாட்டிலா மச்சான்?"

"முழுசும் மாமா. அரை லிட்டரு. ஒரு சொட்டு வுடல." பின்னால் அவன் மனைவி மல்லிகாவின் குரல் கேட்டது. அவன் சட்டென்று காதுகுத்துக்கு வந்த மொய்யைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

பெருமை தாங்கவில்லை. அந்தப் படத்தை இங்க்ரிட்டுக்கு அனுப்பினேன். ஊரில் யாழினிக்கு எவ்வளவு கவனிப்பு பாருங்கள், முழுதாக அரை லிட்டர் என்று கீழே எழுதினேன். ஒருவன் தன் மகளைத் தானே காட்டிக்கொடுத்து, கீழே கையெழுத்தும் போட்டு அனுப்புவது அபூர்வம். நான் செய்தேன்.

இங்க்ரிட் உடனே அழைத்தார். பொதுவாக அவர் எழுதுகிறவர், அழைக்கிறவர் இல்லை. இது என்ன என்றார். பாட்டில் ஏற்றுவதற்கு நார்வேஜிய மொழியில் சரியான சொல் வாயில் வரவில்லை. யாழினி மேல் ஒரு பாட்டிலை ஏற்றினார்கள் என்று சொல்லிவைத்தேன். பஸ் ஓட்டுகிறவன் வாயிலிருந்து வந்ததால், சாமான் ஏற்றியதுபோலவே அவருக்குக் கேட்டிருக்கும். கையில், ஊசியில் என்று விளக்கினேன். பிறகு சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். ஓட்டக்காரர்கள் நரம்பு வழியாக, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நூறு மில்லிக்கு மேல் எதையும் ஏற்றிக்கொள்ளக் கூடாது. எதுவாக இருந்தாலும்.

உப்புத் தண்ணீர்கூடவா என்றேன். உப்புத் தண்ணீர்கூடத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பது கேள்வியே இல்லை, ஏற்றுவதே தப்பு. நிஜமான வியாதிக்கு ஆஸ்பத்திரியில் வைத்திய முறையில் ஏற்றினால்தான் விலக்கு. அசதிக்கு ஏற்றினால் கிடையாது.

நான் விடவில்லை. வாயால் ஒரு குடம் குடித்தால்? குடிக்கலாம். கையால் அரை லிட்டர்? கூடாது. இது என்ன நியாயம் என்று கேட்டேன். நரம்பில் தண்ணீரைக் கொட்டினால் ரத்தம் நீர்த்துப்போகும், ஒளிக்க வேண்டியதை ஒளிக்கலாம், அப்படிச் செய்தவர்களால் வந்த சட்டம் என்றார். என் மகளிடம் ஒளிக்க ஒன்றும் இல்லையே என்றேன். "உன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் ஏறினவன் நல்லவனா கெட்டவனா என்று பார்த்தா இறக்குவார்கள்?" என்றார். எங்கள் பஸ்ஸில் அபராதம் போடுபவன் மனசாட்சியே இல்லாதவன்.

தெரிந்தபிறகு சொல்லாமல் இருந்தால் அவர் பேரிலும் குற்றம். அலுவலகத்துக்கு எழுதியே ஆக வேண்டும். எழுதினால் தேர்வு ஓட்டம் போய்விடும். நிரூபணமானால் வருஷக்கணக்கில் தடை. அவர் கேட்டது ஒன்றுதான். முதலில் யாழினியிடம் பேசு.

5

வெள்ளிமலையில் கைப்பேசி எப்போது கிடைக்கும் என்பது மலையின் விருப்பம். ஒருவழியாகக் கிடைத்தாள்.

"நான் போட்டுக்கலப்பா," என்றாள்.

"மாமா முழு பாட்டில்னு சொல்றாரேம்மா."

"அப்ப மாமாகிட்டயே கேளுங்க," என்று வைத்துவிட்டாள்.

பயத்தில் பொய் சொல்கிறாள் என்று முடிவுகட்டினேன். என் மூளை எப்படி ஓடியது பாருங்கள். ஒரு பக்கம் பெற்ற மகளின் வாய்ச்சொல். இன்னொரு பக்கம் மச்சானின் ஸ்டேட்டஸ். ஸ்டேட்டஸ் ஜெயித்தது. செல்வியைக் கேட்டேன். அவள் விழா மண்டபத்தை விட்டு நகரவே இல்லையாம். தம்பி கூட்டிப்போனதும் திரும்பி வந்ததும்தான் தெரியும் என்றாள்.

அன்றைக்கு ஒரு நிறுத்தத்தை அப்படியே தாண்டிப் போனேன். இறங்க வேண்டிய ஒரு பாட்டியம்மா மணியை அழுத்திக்கொண்டே இருந்தார். எனக்கு அது மலைப்பாதை வளைவில் அடிக்கும் ஹாரன் மாதிரிக் கேட்டது.

விலக்கு உண்டு என்று இங்க்ரிட் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் தப்பில்லை. அப்படியானால் படுத்திருந்தாள் என்று ஒரு சீட்டு இருந்தால் போதும். மறுபடி கதிர்வேலைப் பிடித்தேன்.

"கம்பவுண்டர் நம்ம ஆளு மாமா," என்றான். ஆனால் குரலில் சுரத்து இல்லை. "டெங்குன்னா ரத்தத்த அடிக்கடி எடுத்தா மாதிரி ஜாஸ்தி பேப்பர் காட்டணும். டைபாய்டுனா கம்மி. எது போடச் சொல்லட்டும்?"

டைபாய்டு போடு, இரண்டு நாள் படுக்கை என்று போடு என்றேன். பந்தியில் சாம்பார் வேண்டுமா ரசம் வேண்டுமா என்று சொல்வதுபோல மகளுக்கு வியாதி தேர்ந்தெடுத்தேன். சரி மாமா என்றான். மறுநாள் கேட்டால், கம்பவுண்டர் ஊரில் இல்லை என்றான். அதற்கு அடுத்த நாள், கடையில் வேலை என்றான். என்றைக்கும் இழுத்தடிக்காதவன் இழுத்தடித்தான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விஷயம் செல்வி வழியாக யாழினிக்குப் போனது. இந்த முறை அவளே அழைத்தாள். கோபம் வந்தால் அவள் நார்வேஜிய மொழிக்குப் போய்விடுவாள். அதையும் எனக்குப் புரிய வேண்டும் என்று வெளியூர்க்காரனுக்குச் சொல்வதுபோல மெதுவாகப் பேசுவாள். அந்த மெதுவில்தான் வலி. அவள் சொன்னதன் சாரம் இது. அந்த இரண்டு நாளும் மலையில் இருந்தேன் என்று நானே அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று நீங்கள் ஒரு சீட்டைக் கொண்டுவந்தால், பாட்டிலுக்காக இல்லை, அந்தப் பொய்ச் சீட்டுக்காகத்தான் என்னைத் தூக்குவார்கள்.

கடைசியில் மட்டும் தமிழுக்கு வந்தாள். "நான் போட்டுக்கல. ரெண்டாவது தடவ சொல்றேன். மூணாவது தடவ சொல்லமாட்டேன்."

டைபாய்டை வாபஸ் வாங்கினேன். கதிர்வேல் "அப்பாடா" என்றான். ஏன் அப்பாடா என்று நான் கேட்கவில்லை.

6

இங்க்ரிட் அலுவலகத்துக்கு எழுதுமுன் ஊரில் இருந்த ஆட்களை வீடியோவில் முகம் பார்த்துப் பேச விரும்பினார். ஓட்டக் கிளப் அறையில் கணினிக்கு முன்னால் அவரும் நானும். ஈரக் காலணிகளின் வாசனை. திரையில் கள்ளக்குறிச்சி. கதிர்வேலின் கடை, பின்னால் பிரித்துப்போட்ட மோட்டார்கள். செல்வி, யாழினி, காது வீங்கிய பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு மல்லிகா. நடுவில் கதிர்வேல், மாப்பிள்ளைக் கோலத்தில், முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுப் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு. மின்விசிறி ஓடியும் நெற்றியில் வேர்வை வடிந்தது. வெள்ளைக்காரம்மாவுக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மொழிபெயர்ப்பு என் வேலை. இங்க்ரிட் முதலில் யாழினியைக் கையைக் காட்டச் சொன்னார். வெயிலில் கறுத்த இரண்டு கை, நிறையக் கொசுக்கடி. அதில் எது ஊசி, எது கொசு என்று யார் சொல்வது? என்ன நடந்தது என்றார்.

கிளினிக்குக்குப் போனேன், கட்டிலில் உட்காரச் சொன்னார்கள், பாட்டிலைத் தொங்கவிட்டு மஞ்சள் மருந்தைக் கலந்தார்கள், எனக்கு வேண்டாம், போட்டால் என் ஓட்டம் போய்விடும் என்று மாமாவிடம் சொன்னேன், அவர் கேட்கவில்லை, எழுந்து வெளியே வந்து பெட்டிக்கடையில் இளநீர் குடித்தேன் என்று யாழினி சொன்னாள். அதற்குப்பிறகு உள்ளே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது.

இங்க்ரிட் கதிர்வேலைப் பார்த்தார். அப்படியானால் அந்த முழு பாட்டிலும் யாருக்கு ஏறியது என்றார். நான் தமிழில் கேட்டேன்.

கதிர்வேல் ஆரம்பித்தான். அந்தக் கிளினிக் எவ்வளவு சுத்தம், டாக்டர் எவ்வளவு ராசிக்காரர், பாட்டில் எவ்வளவு நல்ல கம்பெனி. ஓரக்கண்ணால் மல்லிகாவைப் பார்த்தான். நான் மொழிபெயர்ப்பதையே நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில் என் மனைவி பேசினாள்.

"டேய். இந்த வெயில்ல எதுக்குடா முழுக்கைச் சட்ட? மடக்கு."

"வேணாங்கா."

"மடக்குடான்னா."

மடக்கினான். முழங்கை மடிப்பில் ஒரு பெரிய கன்றல், பச்சையும் ஊதாவுமாக, ஓரத்தில் மஞ்சள் விழுந்து. நர்சம்மாவுக்கு முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை போலிருக்கிறது.

மல்லிகா பையனை இறக்கிவிட்டாள். "இன்னாங்க இது?"

அவளுக்குப் பதில் சொல்லாமல் திரையில் தெரிந்த என்னைப் பார்த்தே சொன்னான். "பாட்டில ஒடச்சிட்டாங்க மாமா. மஞ்ச மருந்தும் கலந்தாச்சி. பாப்பா வேணான்னு எழுந்து பூட்சி. அத்தினி சனத்துக்கு முன்னால நான் போட்டு இட்டாரேன்னு சொல்லிட்டு வந்துகிறேன். கீழ ஊத்தச் சொல்றியா? சரின்னு நானே படுத்துக்கினேன்."

"சக்கர ஆளு," என்றாள் மல்லிகா. "சக்கர ஆளு நீ, குளுக்கோஸ் ஏத்திக்கினியா?" அதுவரை அவளிடம் இருந்த 'ங்க' எங்கே போனது என்று தெரியவில்லை.

இதற்குத்தான் இத்தனையும். மருமகள் மறுத்துவிட்டாள் என்று சொந்தத்திடம் சொல்லக் கூச்சம். சர்க்கரையை வைத்துக்கொண்டு தானே ஏற்றிக்கொண்டேன் என்று மனைவியிடம் சொல்லப் பயம். இரண்டுக்கும் நடுவில் என் மகள் மாட்டிக்கொண்டாள். ஊசி போடுமுன் நர்சம்மா சர்க்கரை உண்டா என்று கேட்டாராம். இல்லை என்று சொல்லிவிட்டான். சாயந்திரம் முழுக்கத் தலை சுற்றி, காதுகுத்து அலைச்சல் என்று சொல்லிப் படுத்திருக்கிறான்.

என்ன பேசுகிறார்கள் என்று இங்க்ரிட் என் கையைத் தட்டினார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இப்போது அவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். உலகத்தில் கதிர்வேலை அந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் மொழிபெயர்த்ததும் கதிர்வேலுக்குக் கண் கலங்கிவிட்டது. "பரவால்லங்க மேடம்," என்றான்.

நான் யாழினியைப் பார்த்தேன். ஏதாவது சொல்வாள், நானும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து மாமாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பை அவன் வாங்கும்போது, "வாயால குடிங்க மாமா," என்றாள்.

கடையில் எல்லோரும் சிரித்தார்கள், மல்லிகாவைத் தவிர. மொழிபெயர்த்ததும் இங்க்ரிட்டும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வர நேரமானது. மூன்றாவது தடவை சொல்லமாட்டேன் என்றவள், என்னிடம் கடைசிவரை சொல்லவே இல்லை.

7

இங்க்ரிட் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினார். அலுவலகம் யாழினியைச் சில கேள்வி கேட்டது. அன்றைக்குக் கதிர்வேல் பாட்டிலுக்கு வாங்கிய கிளினிக் சீட்டில் பேர் அவளுடையதாக இருக்கிறதே என்றது. பிறகு அந்த நர்சம்மாவிடமே போனில் ஒருவர் தமிழில் கேட்டிருக்கிறார். "மீசை வெச்ச ஆளுக்குத்தான் போட்டேன், அந்தப் பொண்ணு கோச்சிக்கினு பூட்ச்சே" என்று அந்த அம்மா சொன்னதும் விஷயம் முடிந்தது. மாமன்களுக்கு ஏற்றக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

ஊர்ப்பக்கம் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் பல பேர் இப்போது ஓடுகிறார்கள், மாவட்டம், மாநிலம் என்று. பந்தயத்துக்கு முந்தின நாள் தெம்புக்கு ஒரு பாட்டில் போட்டுவிடுகிற அப்பாக்களை எனக்கு நிறையத் தெரியும். மருந்து இல்லையே, சத்துத்தானே என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று நானும் கதிர்வேலும் இன்னும் சண்டை போடுகிறோம். அவன் கட்சி, வாயும் கையும் ஒரே உடம்புதானே என்பது. என் கட்சி வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

இப்போது மல்லிகா அவனை விடிகாலையில் எழுப்பித் தியாகதுருகம் ரோட்டில் நடக்கவிடுகிறாள். வண்டிக்காரர்கள் நின்று ஏறச் சொன்னால் ஏறக் கூடாது என்று உத்தரவு.

தேர்வு ஓட்டத்தன்று நான் லீவு போட்டு, குடை பிடித்துக்கொண்டு, சேற்றில் நின்றேன். கதிர்வேல் கைப்பேசியில் நேரலையாகப் பார்த்தான். முடிந்ததும், "அன்னிக்கே அந்த பாட்டில ஏத்திக்கினு இருந்தா…" என்று ஆரம்பித்தான். அந்தப் பக்கம் மல்லிகா கைப்பேசியைப் பிடுங்கிவிட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். யாழினிக்கு யாரும் எதையும் ஏற்றவில்லை. யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவள் ஓடினாள், ஏழாவதாக வந்தாள். அணிக்கு ஆறு பேர். அந்த ஆறு பெண்களும் அன்றைக்கு அவளைவிட வேகமாக ஓடினார்கள்.